சாப்பிட்ட பிறகும் இருக்கும் கோபம்

குடியை நிறுத்திய ஆணுக்குக் கோபம் வந்தால் வீடு அடங்கிப்போகும். "பாவம், இப்பத்தான் நிறுத்தியிருக்கார், சீண்டாதீங்க" என்று பிள்ளைகளை அடுத்த அறைக்கு அனுப்பிவிடுவார்கள். குடியை நிறுத்திய பெண்ணுக்குக் கோபம் வந்தால், "மறுபடியும் ஆரம்பிச்சிட்டாளா?" என்று வீடு கேட்கும். நான் நிறுத்தி 14 மாதங்கள் ஆகின்றன. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே பாதி நாட்கள் போயின.

கோபம் வராமல் இல்லை. முதல் மூன்று மாதங்கள் மிக்ஸி சத்தத்துக்கும் எரிச்சல் வந்தது, பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை கேட்டாலும் எரிச்சல் வந்தது. இதற்கு உடம்பில் காரணம் இருக்கிறது. மது நரம்புகளை அமர்த்துகிறது. தினமும் குடிக்கும்போது, அதை ஈடுகட்ட மூளை எப்போதும் முடுக்கிவிட்ட நிலையிலேயே இருக்கப் பழகிக்கொள்கிறது. குடி நின்றாலும் அந்த முடுக்கம் உடனே இறங்குவதில்லை. முதல் சில நாட்களில் நடுக்கமும் வியர்வையும், சிலருக்கு வலிப்பும் வரும். அதனால்தான் நீண்ட நாள் குடித்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தக் கூடாது. அதைத் தாண்டிய பிறகும் தூக்கமின்மையும் சிடுசிடுப்பும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இருக்கும். மிக்ஸியின் மேல் வந்த கோபம் அந்த வகை. நாளாக நாளாக அது குறைந்தது.

குறையாத கோபம் ஒன்றும் இருந்தது. அதற்கு மறுவாழ்வு மையத்தில் பாடம் இல்லை.

நான் சேர்ந்த மையத்தில் கோபத்துக்கென்றே ஒரு வகுப்பு நடத்தினார்கள். பசி, கோபம், தனிமை, சோர்வு: இந்த நான்கில் எது வந்தாலும் உஷார் என்று பலகையில் எழுதிப்போட்டார்கள். நல்ல பாடம்தான், இன்றும் எனக்கு உதவுகிறது. ஆனால் சொன்ன உதாரணங்களைக் கேளுங்கள். மனைவி தொணதொணத்தால் என்ன செய்வீர்கள்? சம்பளத்தை மனைவி வாங்கி வைத்துக்கொண்டால்? கை ஓங்குவதற்கு முன் பத்து வரை எண்ணுங்கள். அந்த அறையில் நான் ஒருத்திதான் பெண். நான் யார் மேலும் கை ஓங்கியதில்லை. என் வேலையின் மேல் மேலாளர் தன் பெயரைப் போட்டுக்கொண்ட நாளில் சிரித்துக்கொண்டு நின்றேன். விவாகரத்தின்போது சொந்தக்காரர்கள் என்னைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டபோதும் அப்படியே நின்றேன். இரவில் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தேன். கோபத்தை அடக்கும் பாடத்தை, மையத்துக்கு வருவதற்கு முன்பே முப்பது வருடம் படித்து முடித்திருந்தேன்.

இந்தப் பாடத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன், பாப் ஸ்மித் என்ற இரண்டு ஆண்களால் தொடங்கப்பட்டது. 1939இல் வந்த அதன் அடிப்படை நூல், மனக்கசப்பு குடிநோயாளியை அழித்துவிடும் என்று எச்சரிக்கிறது. அதே நூலில் மனைவிகளுக்கென்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. கோபப்படாதீர்கள் என்று அது மனைவிகளுக்குச் சொல்கிறது. மனைவிகளே பேசுவதுபோன்ற குரலில் இருக்கும் அந்த அத்தியாயத்தை எழுதியவர் பில் வில்சன்தான். அவருடைய மனைவி லோயிஸ் அல்ல. லோயிஸ் அவரை மணந்தது 1918இல். அவர் குடியை விட்டது 1934 டிசம்பரில். விட்ட பிறகு ஒருநாள், கூட்டத்துக்கு நேரமாகிறது, கிளம்பு என்று அவர் சொன்னபோது, லோயிஸ் காலணியைத் தூக்கி எறிந்திருக்கிறார். பின்னாளில் லோயிஸ் அதைத் தான் மாற வேண்டும் என்று உணர்ந்த தருணமாகவே சொன்னார். பதினாறு வருடக் கணக்கு அந்தக் காலணியில் இருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

நான் குடித்தவள், பெண்ணும்கூட. கோபம் உன்னைக் குடிக்க வைத்துவிடும் என்பதும், கோபம் உனக்கு அழகல்ல என்பதும் சேர்ந்து என் தலையில் விழுந்தன.

சேர்ந்த புதிதில் என் ஏடிஎம் கார்டைத் தம்பியிடம் கொடுத்திருந்தேன். நானே கேட்டுச் செய்துகொண்ட ஏற்பாடு. ஒரு வருடம் கழித்துத் திருப்பிக் கேட்டேன். "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்க்கா" என்றான். என் சம்பளத்தில் நாப்கின் வாங்க நான் அவனிடம் கேட்க வேண்டியிருந்தது. அடுத்த முறை குரலை உயர்த்திக் கேட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து வந்து, என் முகத்தருகே குனிந்து முகர்ந்து பார்த்தார். "பார்த்தியா, இந்தக் கோவத்துக்குத்தான் கார்டு தரல" என்றான் தம்பி. கார்டு தராததால் வந்த கோபமே, கார்டு தராததற்குக் காரணமாகிவிட்டது.

அன்று பலகையில் இருந்த நான்கையும் எடுத்துக்கொண்டேன். மதியம் சாப்பிட்டிருக்கவில்லை, சாப்பிட்டேன். என்னைப்போல் குடியை விட்ட ஒரு தோழியிடம் போனில் பேசினேன். தூங்கினேன். காலையில் எழுந்தபோது படபடப்பு போயிருந்தது. கோபம் அப்படியே இருந்தது, சூடில்லாமல், தெளிவாக. வங்கிக்குப் போய்ப் பழைய கார்டை முடக்கிவிட்டுப் புதியதற்கு எழுதிக்கொடுத்தேன். மாலையில் தம்பியிடம் சொன்னேன். இரண்டு வாரம் அவன் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு வாரமும் எனக்குக் குடிக்கத் தோன்றவில்லை.

கோபம் குடிக்கு இழுத்துப்போகும் என்பது பொய்யல்ல. என்னை இழுத்துப்போனது விழுங்கிய கோபம். பசியிலும் தூக்கமின்மையிலும் வருவதை உடம்பு கேட்கும் சோறும் உறக்கமும் தீர்த்துவிடும். உரிமை பறிபோனதால் வருவதைச் சோறு தீர்க்காது. அதைப் பேசித்தான் தீர்க்க வேண்டும். இரண்டையும் ஒரே நோயின் அறிகுறி என்று மருந்துச் சீட்டில் எழுதிவிட்டால், பெண்ணுக்கு மிஞ்சுவது பழைய சிரிப்பும் சாத்திய கதவும்தான்.

ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதிவருகிறேன். சாப்பிட்டதும் போன கோபங்கள் ஒரு பக்கம், சாப்பிட்ட பிறகும் இருந்தவை மறுபக்கம். முதல் பக்கம் மாதத்துக்கு மாதம் சிறிதாகிறது. இரண்டாவது பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் எதிரே, யாரிடம் என்றைக்குக் கேட்க வேண்டும் என்று தேதி போட்டிருக்கிறேன்.