மேல்துணி

பழவேற்காடு, கோட்டைக்குப்பம். ஆவணிக் காலை. ஏரியில் இன்று மீன்பிடிக்கும் முறை, பாடு, வேறு குப்பத்துக்கு. இந்த வீட்டு ஆண்கள் கரையில்.

திண்ணையில் தகரப்பெட்டி திறந்திருக்கிறது. அந்துருண்டை வாசனை. மருமகள் ஒரு துணியை எடுத்து உதறுகிறாள். துண்டுத் துணிகளை இணைத்த, போர்வைக்கான மேல்துணி. அடித்துணி இல்லை. ஓரம் மடிக்கவில்லை. கண் மங்கிய வருடம் மாமியார் மடித்து வைத்தது.

சிமென்ட் தரையில் பழைய வாயில் புடவை. அதன்மேல் இன்னொன்று. அதன்மேல் மேல்துணி. நான்கு மூலையிலும் வலையின் ஈயக்குண்டுகள்.

கட்டம்போட்ட கைலி. பள்ளிச் சீருடையின் நீலம். பொங்கலுக்கு ரேஷன் கடையில் கொடுத்த சேலையின் கரை. ஒரு சதுரம் மட்டும் கோணல். மருமகளின் விரல் அங்கே நிற்கிறது. பிரிக்கவில்லை. நகர்கிறது.

மகன் வலையின் அறுந்த கண்களை முடிகிறார். கையிலிருக்கும் நைலான் நூலை நீட்டுகிறார்.

"அது துணிய அறுத்துடும்டா."

பருத்தி நூல் வருகிறது. ஊசி இறங்குகிறது.

"நடுவுல இருந்து போ. ஓரத்துல ஆரம்பிச்சா சுருக்கம் வுழும்."

"சரி அத்தே."

குப்பத்துக்குப் பெயர் தந்த கோட்டை ஜெல்டிரியா. டச்சுக்காரர்கள் 1613இல் கட்டியது. இப்போது மேடும் முள்ளும். அவர்கள் இங்கிருந்து துணிப் பொதிகளைக் கப்பலேற்றினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் இதுதான். இந்தக் கரையின் பூவேலைத் துணிகள் பல, வெறும் மேல்துணியாகக் கடல் தாண்டின. ஐரோப்பிய வீடுகளில் உள்ளே பஞ்சு வைத்து, அடித்துணி சேர்த்துப் போர்வையாக்கினார்கள். வரைந்த கையும் சாயம் தோய்த்த கையும் முடிந்த போர்வையைப் பார்த்ததில்லை.

திண்ணையில் ஒரு வரி முடிகிறது. மாமியாரின் உள்ளங்கை அதன்மேல் மெதுவாகப் போகிறது. ஓரிடத்தில் நிற்கிறது.

"இங்க தளர்ந்திருக்கு."

மருமகள் பிரிக்கிறாள். மறுபடி தைக்கிறாள். உள்ளங்கை மறுபடி போகிறது. இம்முறை நிற்கவில்லை.

வெயில் திண்ணையேறுகிறது. மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துத் துணியை நிழலுக்கு இழுக்கிறார்கள். நான்காவது மூலையின் ஈயக்குண்டு தரையில் உரசிக்கொண்டு வருகிறது. பாதி வலை அங்கேயே கிடக்கிறது.

இன்னும் பாதிக்கு மேல் தைக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் முடித்து, துவைத்து, காயவைக்க வேண்டும். பேத்திக்குக் கார்த்திகையில் பிரசவம்.