பிழைச்ச புட்டும் நிலுவைக் கணக்கும்

முதல் நாள் சோறு வேகவில்லை.

ரைஸ் குக்கரில் அரிசியைப் போட்டு, தண்ணி அளந்து விட்டு, மூடி, பிளக்கையும் போட்டாயிற்று. லைற் எரிந்தது. எந்த லைற் என்று ஒருவரும் பார்க்கவில்லை. ஒன்றரை மணித்தியாலம் கழித்துத் திறந்தால், இளஞ்சூட்டுத் தண்ணிக்குள் அரிசி ஊறிக்கொண்டு கிடக்குது. முன்னால் இருக்கிற சுவிச்சைக் கீழே அமத்த வேண்டும் என்று எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும் தெரியாது. ஐந்து பேரும் உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்துக் கலைப்பீடத்துக்கு வந்தவர்கள். அன்றைக்கு இரவு பாணும் வாழைப்பழமும்.

"பொம்பிளைப் பிள்ளையள் அஞ்சு பேர் இருக்கிறியள், சமையலுக்கு என்ன கவலை" என்று சொல்லித்தான் வீட்டுக்கார அன்ரி திருநெல்வேலியில் அந்தப் பின்பக்க அறைகளை எங்களுக்குத் தந்தா. உண்மை என்னவென்றால், உயர்தரத்துக்குப் படித்த காலம் முழுக்க எங்கள் அம்மாமார் எங்களைக் குசினிப் பக்கம் விடவில்லை. தேங்காய் துருவ வந்தாலும் "நீ போய்ப் படி" என்று கலைத்துவிடுவார்கள். முல்லைத்தீவுக்கு மட்டும் கொஞ்சம் கைப்பழக்கம் இருந்தது. 2022 இல் காஸ் இல்லாமல் வீடுகளில் திரும்பவும் விறகடுப்பு மூட்டின நேரம், ஈர விறகை ஊதி எரியவைக்கப் பழகியிருந்தாள். எங்களிடம் இருந்ததோ ஒற்றைக் காஸ் அடுப்பு. அந்தத் திறமைக்கு அங்கே வேலை இல்லை.

முல்லைத்தீவு என்று சொன்னது ஆளைத்தான். எங்கள் வீட்டில் பேர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. மட்டக்களப்பு, மன்னார், முல்லைத்தீவு, வவுனியா, ஹற்றன். "மன்னார் குளிக்குது", "வவுனியா இன்னும் எழும்பேல்ல" என்று நாங்கள் கதைப்பதைக் கேட்டு அன்ரி முதலில் பயந்துபோனா.

குசினி என்று நாங்கள் சொல்வது முந்தி சாமான் அறையாக இருந்த இடம். அதன் சுவரில் ஒரு ஆணி. ஆணியில் நூல் கட்டித் தொங்கவிட்ட ஒரு சீ.ஆர். கொப்பி. அது வவுனியாவின் யோசனை. முன்பக்கத்தில் இருந்து காசுக் கணக்கு: யார் எவ்வளவு தந்தது, என்ன வாங்கினது, யாருக்கு நிலுவை. பின்பக்கத்தில் இருந்து சமையல் கணக்கு, இரண்டு நிரலில்: 'சரி வந்தது', 'பிழைச்சது'. முதல் மாதம் இரண்டாவது நிரல்தான் நிரம்பியது.

அந்த நிரலில் இருந்து சிலதைச் சொல்கிறோம், உங்களில் ஆருக்காவது உதவும். கோதுமை மாவை அவிக்காமல் சுடுதண்ணி விட்டுப் புட்டுக்குக் குழைக்கக் கூடாது. குழைத்தால் அது மா இல்லை, பசை. சுண்டால் கொத்தக் கொத்த அது சுண்டோடேயே மேலே வரும். சொதி அடுப்பில் கொதிக்கும்போது தேசிக்காய் விடக் கூடாது. இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான் புளி. இல்லாவிட்டால் பால் திரைந்து, தண்ணி வேறு கட்டி வேறாக நிற்கும். கருவாட்டை ஊறப்போடாமல் சமைத்துவிட்டு, உப்புக் கூடிப்போச்சு என்று உருளைக்கிழங்கு போட்டால், பிறகு உருளைக்கிழங்கும் உப்பாகத்தான் இருக்கும்.

அந்தப் புட்டு மாவை எறியப் போனபோது ஹற்றன் தடுத்தாள். "ஏன் கொட்டுறீங்க, குடுங்க இங்க" என்று வாங்கி, தேங்காய்ப்பூவும் உப்பும் இன்னும் கொஞ்சம் மாவும் போட்டுப் பிசைந்து, தட்டையாகத் தட்டி, தோசைக்கல்லில் ரொட்டி சுட்டாள். செத்தல் மிளகாயும் வெங்காயமும் உப்பும் இடித்து ஒரு கட்டச்சம்பல். அவர்கள் லயத்தில் காலமைக்கு வேலைக்குப் போகமுதல் இதுதானாம். ஆளுக்கு மூன்று ரொட்டி சாப்பிட்டோம். 'சரி வந்தது' நிரலில் முதலாவது பதிவு அது.

பிறகு மெல்ல மெல்லக் கை வந்தது. முறை வைத்துச் சமைத்தோம். சமைப்பதைவிடப் பேர் வைப்பதில்தான் கூடச் சண்டை. முருங்கையிலையைத் தேங்காய்ப்பூவோடு பிரட்டினால் எங்களில் மூன்று பேருக்கு அது வறை. மட்டக்களப்புக்கு அது சுண்டல். "சுண்டல் எண்டா கடலையெல்லோ" என்றால், "உங்களுக்குத்தான் கா கடலை" என்பாள். சொதியும் அவளுக்கு ஆணம்தான். வெள்ளிக்கிழமையில் மச்சம் சமைக்க அன்ரி விடமாட்டா. மன்னாருக்கோ மீன் இல்லாத நாள் சாப்பிடாத நாள். ஆனாலும் அவள் வைக்கிற பருப்புக்கறிதான் வீட்டில் நல்லது. இதை எழுதுவதில் மற்ற நான்கு பேருக்கும் கொஞ்சம் வருத்தம்தான்.

இதுவரைக்கும் எழுதினது வெளியில் நாங்கள் சொல்லித் திரிகிற கதை. பீடத்தில் ஆரும் கேட்டால் இப்படித்தான் சொல்வோம், எல்லாரும் சிரிப்பார்கள். மிச்சத்தை ஒருவருக்கும் சொன்னதில்லை.

கிழமைக்கு ஆளுக்கு 1,500 ரூபாய். அதுதான் பங்கு. ஐந்து பேருக்கும் ஒரே அளவு, அதனால் நியாயம் என்று நினைத்தோம். ஞாயிற்றுக்கிழமை காசு சேர்த்து, திங்கள் பின்னேரம் திருநெல்வேலிச் சந்தைக்குப் போவோம். 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டினபோது மூன்று நாளைக்கு இரண்டு தேங்காய் என்று குறைத்தோம். அரிசியும் வீணாகக் கூடாது என்று கொப்பியில் இன்னொரு வழக்கம் கொண்டுவந்தோம். இரவுக்குச் சாப்பாடு வேண்டாதவர்கள் பின்னேரமே பேரை எழுதிவிட வேண்டும். அதைப் பார்த்துத்தான் எத்தனை சுண்டு அரிசி போடுவது என்று முடிவு.

ஹற்றன் அடிக்கடி எழுதினாள். "வயிறு சரியில்ல", "கென்ரீன்ல சாப்பிட்டுட்டேன்", "அசைன்மென்ட் இருக்கு, பசிக்கல". நாங்கள் அரைச் சுண்டைக் குறைத்துக்கொண்டோம். பகிடியும் பண்ணினோம், டயற்றா என்று.

ஒரு மாத முடிவில் வவுனியா கணக்குப் பார்க்க இருந்தாள். சும்மா ஒரு ஆர்வத்தில் இரவுச் சாப்பாட்டையும் எண்ணியிருக்கிறாள். அந்த மாதம் ஹற்றன் பதின்மூன்று இரவு சாப்பிடவில்லை. அந்தப் பதின்மூன்று இரவும், முன்பக்கத்தில் அவளுடைய பேருக்கு நேரே 'நிலுவை' என்று எழுதியிருந்த கிழமைகளுக்குள்தான் வந்தன. காசு கொடுத்த கிழமைகளில் ஒரு இரவும் விடவில்லை. முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே கொப்பியில்தான் இருந்தன. மூன்று மாதமாக நாங்கள் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

கேட்டபோது முதலில் இல்லை என்றாள். பிறகு சொன்னாள். "காசு குடுக்காம சாப்பிட ஒரு மாதிரியா இருந்துச்சு. நீங்க யாரும் ஒண்ணும் சொல்லல. ஆனா கொப்பியில எழுதியிருந்துச்சில்ல." அந்த இரவுகளில் தேத்தண்ணியும் பிஸ்கட்டும்தானாம்.

அவளுடைய அம்மா கொழுந்து எடுக்கிறவ. 2024 இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,000 ரூபாயில் இருந்து 1,350 ரூபாய் ஆனது. அது முழுப்பேர் விழுந்தால்தான். நிறை குறைந்த நாளில் அரைப்பேர். நாங்கள் நியாயம் என்று நினைத்த 1,500 ரூபாய், அவளுடைய அம்மா அந்த நேரம் ஒரு நாள் முழுக்க மலையில் நின்று உழைத்த அடிப்படைச் சம்பளத்தைவிடக் கூடவாக இருந்தது. இந்தச் சம்பளப் பிரச்சினை பற்றி எங்களில் இரண்டு பேர் வகுப்பில் பிரசென்ரேசன் செய்திருக்கிறோம். சிலைட்டில் அந்த இலக்கத்தைப் பெரிதாகப் போட்டுமிருக்கிறோம். அதை எங்கள் குசினிக் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் செய்தது இன்னும் பெரிய பிழை. நான்கு பேரும் தனியாக இருந்து கதைத்து முடிவெடுத்து, "நீ இனிக் காசு தரவேண்டாம், நாங்கள் பாக்கிறம்" என்று போய்ச் சொன்னோம். நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பு வேறு. அவளுக்கு முகம் மாறிப்போச்சு. "நான் உங்ககிட்ட சோறு கேட்டு வரல" என்றாள். இரண்டு நாள் எங்களோடு கதைக்கவில்லை. அறையில் இருந்தபடியே பாண் வாங்கிச் சாப்பிட்டாள்.

இந்தக் கட்டுரையில் 'நாங்கள்' 'நாங்கள்' என்று எழுதிக்கொண்டு வருகிறோம். அந்த இரண்டு நாளும், அதற்கு முந்தின மூன்று மாதமும், அந்தச் சொல்லுக்குள் நான்கு பேர்தான் இருந்தோம்.

மூன்றாம் நாள் மன்னார்தான் ஒரு பழைய மைலோ ரின்னைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து குசினித் தட்டில் வைத்தாள். "ஞாயிறு இரவுக்கு முதல் ஏலுமான காசை இதுக்குள்ள போடுங்கோ. ஆரும் பாக்கப்படாது, எழுதப்படாது. இருக்கிறதுக்குச் சமைப்பம்." ஹற்றனிடமும் அதையேதான் சொன்னாள், தனியாகக் கூப்பிட்டு இல்லை, எல்லாரும் நிற்கும்போது. ஹற்றன் ஒரு நிபந்தனை போட்டாள். காசு குறையப் போடுகிற ஆள் பாத்திரம் கழுவ வேண்டும், தேங்காய் துருவ வேண்டும் என்ற கதை வரக்கூடாது. முறை முறைதான். ஒத்துக்கொண்டோம். கொப்பியின் முன்பக்கத்துத் தாள்களைக் கிழித்துக் காஸ் அடுப்பில் எரித்தோம். அன்ரி புகை மணத்துக்கு ஓடிவந்து பேசினது தனிக்கதை.

முதல் கிழமை ரின்னில் 6,100 ரூபாய் இருந்தது. சரி என்று நினைத்தோம். இரண்டாவது கிழமை 5,200. வவுனியா காசை எண்ணிவிட்டுப் பேசாமல் இருந்தாள். பிறகு எங்களுக்கும் விளங்கியது. ஒருவர் ஒரு சதமும் போடாமல் விட்டாலும், மற்ற நான்கு பேரும் பழைய பங்கைப் போட்டிருந்தால் 6,000 வரவேண்டும். ஹற்றனைத் தவிர இன்னும் ஆரோ ஒருவருக்கு, இல்லாவிட்டால் இரண்டு பேருக்கு, 1,500 பாரமாகத்தான் இருந்திருக்கிறது. ஆரிடமோ மாறித்தான் அவர்கள் ஞாயிற்றுக்கிழமை காசு வைத்திருக்கிறார்கள். அது ஆர் என்று பிறகு எங்களுக்குத் தெரியவந்தது. இங்கே எழுதவில்லை. 'நாங்கள்' என்று எழுதுவதில் இருக்கிற ஒரு வசதி அது.

5,200 ரூபாய்க்கு ஐந்து பேர் ஒரு கிழமை சாப்பிடலாமா? கஷ்டம், ஆனால் ஏலும். மீன் கிழமைக்கு இரண்டு நாள். சூடை மலிவென்றால் மூன்று. அன்ரியின் வேலியில் நின்ற முருங்கையில் கேட்டுப் பிடுங்கிக்கொண்டோம். சந்தையில் பின்னேரம் போனால் கீரைப்பிடி விலை குறையும். சோயாமீற்றை முதலில் சுடுதண்ணியில் போட்டுப் பிழிந்து, பிறகு மிளகாய்த்தூளோடு பிரட்டி எடுத்தால், இறைச்சி இல்லாவிட்டாலும் இறைச்சியின் ஞாபகம் வரும். ஹற்றனின் ரொட்டி கிழமையில் ஒரு இரவு நிரந்தரமானது. வேண்டாதவர்கள் பேர் எழுதும் வழக்கத்தை நிற்பாட்டினோம். மூன்று சுண்டு போடுவோம். மிஞ்சினால் தண்ணி ஊற்றி வைத்து, காலமை வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டுப் பழஞ்சோறு.

போன விடுமுறை முடிந்து வரும்போது முல்லைத்தீவின் அம்மா ஒடியல்மா கொடுத்துவிட்டா. கசப்புப் போக மாவைத் தண்ணியில் ஊறவிட்டு வடித்து, நண்டு, இறால், மீன்தலை, பயிற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, கீரை, புளி, அரைத்த மிளகாய் எல்லாம் போட்டுக் கூழ் காய்ச்சினோம். அன்றைக்கு ரின்னில் போட்டது போக ஆளாளுக்கு ஏதோ ஒன்று கொண்டுவந்தார்கள். அன்ரி தன்ரை பெரிய பானையையும், பின்வளவில் இருந்து பிலாவிலையும் தந்தா. கோலின பிலாவிலையில் ஊற்றி ஊற்றிக் குடித்தோம். ஹற்றன் ஒரு இலை குடித்துவிட்டு முகத்தைச் சுழித்தாள். "உங்க ஊரு கூழு எனக்கு வேணாம், எனக்குச் சோறு போடுங்க." பானையில் காலமைச் சோறு இருந்தது. போட்டுக்கொண்டு, மீன் துண்டை மட்டும் கூழுக்குள் இருந்து எடுத்துச் சாப்பிட்டாள். கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எங்களுக்கு அன்றைக்குக் கூழைவிட அதுதான் பெரிது. அவளிடம் அதைச் சொல்லவில்லை.

இந்தக் கட்டுரையைப் போடமுதல் அவளிடம் வாசிக்கக் கொடுத்தோம். வேண்டாம் என்றால் போடாமல் விடுவது என்று முடிவு. முழுவதையும் வாசித்துவிட்டு இரண்டு திருத்தம் சொன்னாள். ஒன்று, "என்னைப் பாவம்னு எழுதிடாதீங்க." அப்படி இரண்டு இடத்தில் எழுதியிருந்தோம், எடுத்துவிட்டோம். இரண்டாவது, ரொட்டிக்கு மா பிசையும்போது சுடுதண்ணி இல்லை, பச்சைத்தண்ணிதான் என்று எல்லாருக்கும் சொல்ல வேண்டுமாம். அன்றைக்கு நாங்கள் சுடுதண்ணி விட்டுக் குழப்பினதாலதான் ரொட்டி கொஞ்சம் இறுகினது. அது அவளுடைய பிழை இல்லை.

கொப்பி இப்பவும் ஆணியில் தொங்குது. பின்பக்கத்து இரண்டு நிரல் மட்டும். நேற்று இரவு சொதி திரும்பவும் திரைஞ்சு போச்சு. ஆர் வைத்தது என்று எழுதவில்லை.