கத்திரி வெயிலில் ஒரு முதல் நோன்பு

பிறை பார்த்து மாதங்களை எண்ணுகிற நமக்கு, ரமலான் எந்த ஒரு பருவத்துக்கும் நிலையாகச் சொந்தமான மாதமன்று. பிறை ஆண்டு கதிரவனின் ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைந்தது. ஆதலால் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக முன்னே நகர்ந்து, பனியில் சில ஆண்டுகள், மழையில் சில ஆண்டுகள், வெயிலில் சில ஆண்டுகள் என்று எல்லாப் பருவங்களையும் சுற்றிவிட்டு, சுமார் 33 ஆண்டுகள் கழித்துப் புறப்பட்ட இடத்துக்கே அது திரும்பி வருகிறது. இளம் தந்தையாக ஒரு கோடை ரமலானைக் கண்டவன், அதே கோடை ரமலானை மறுபடியும் காணும்போது பாட்டனாகிவிடுகிறான்.

என் வாழ்வில் அவ்வாறு இரண்டு கோடைகள் வாய்த்தன. ஒன்று 1986, மற்றொன்று 2019. இரண்டும் நெமிலியில் கழிந்தவை. அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், முதல் கோடையில் நான் செய்த பிழை எனக்கு முழுமையாக விளங்கிற்று.

1986-இல் நான் இராணிப்பேட்டையில் தோல் பதனிடும் நிறுவனம் ஒன்றில் கணக்கெழுதிக் கொண்டிருந்தேன். எனக்கு வயது 32. மூத்தவனுக்கு எட்டு வயது. இளையவள் இன்னும் ஓராண்டு நிறையாத கைக்குழந்தை. கோடை பிறந்ததும் என் துணைவியையும் குழந்தைகளையும் நெமிலியிலுள்ள அவளுடைய தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவது எங்கள் வழக்கம். பள்ளி விடுமுறை ஒரு காரணம். தண்ணீர் மற்றொரு காரணம்.

தோல் பதனிடும் தொழிலுக்கு ஒவ்வொரு படியிலும் தண்ணீர் வேண்டும். உப்பிட்டு வரும் பச்சைத்தோலை ஊறவைத்து உப்பைப் போக்க வேண்டும். சுண்ணாம்புத் தொட்டியில் இட்டு மயிரை நெகிழச் செய்ய வேண்டும். பிறகு ஆவாரம் பட்டையோ, கடுக்காயோ, குரோமிய உப்போ கொண்டு பதனிட வேண்டும். ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதையும், கழித்துவிடப்பட்ட நீரால் பாலாற்றுப் பகுதியின் நிலத்தடி நீர் கெட்டதையும், 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் பின்னாளில் வாசித்தேன். ஆனால் அந்தக் கணக்கு எங்கள் நாவுக்கு முன்பே தெரிந்திருந்தது. நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக் கிணற்று நீரில் சோறு வெந்தால் நிறம் மாறும். தேநீரில் உப்புக் கரிக்கும். எனக்குச் சோறு போட்ட தொழில்தான் என் பிள்ளைகளின் தண்ணீரையும் கெடுத்துக் கொண்டிருந்தது என்பதை எண்ணும்போது இன்றும் நெஞ்சு கனக்கிறது.

நெமிலியிலோ மாமியார் வீட்டுப் பின்கட்டில் ஒரு கிணறு இருந்தது. கொசஸ்தலையாறு கோடையில் வெறும் மணலாகிக் கிடந்தாலும் அந்தக் கிணறு முழுவதும் வற்றியதில்லை. இறைத்த நீரை மண்பானையில் ஊற்றி, ஈரத்துணி சுற்றி, மணல்மீது வைத்திருப்பார் மாமியார். ஊர்விட்டு ஊர் போய் வந்த எங்களுக்கு அந்தத் தண்ணீர் விருந்துக்கு நிகர்.

எங்கள் நிறுவனத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வியாழன் மாலை வேலை முடிந்ததும் பேருந்தேறி, காவேரிப்பாக்கம், பனப்பாக்கம் வழியாக நெமிலி வந்து சேர்வேன். சனிக்கிழமை விடியலில் திரும்பிவிடுவேன். வாரத்தில் ஒரு நாள் மட்டுமே தந்தை. மற்ற ஆறு நாட்களில் பிள்ளைகள் வளர்வதை நான் பார்ப்பதற்கில்லை. அதற்கு என் துணைவி ஒரு வழி கண்டிருந்தாள். சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அன்றன்று கிழிக்கும் தாளை எறியாமல், அதன் பின்புறத்தில் பென்சிலால் ஓரிரு சொற்கள் எழுதி, அரிசி டப்பாவின் அடியில் செருகி வைப்பாள். "சின்னவளுக்கு மேல்பல்." "பெரியவன் கிணற்று வாளியைத் தானே இழுத்தான்." "இருவருக்கும் வேர்க்குரு." நான் வந்ததும் கைகால் கழுவி, முதலில் கேட்பது அந்த ஆறு தாள்களைத்தான்.

அவ்வாண்டு மே மாதம் இரண்டாம் வாரத்தில் ரமலான் பிறந்தது. அக்கினி நட்சத்திரத்தின் உச்சம். ஸஹர் முடிந்து நோன்பு திறக்கும் வரை 14 மணி நேரம். பெரியவர்களே பகல் பொழுதைச் சுவரோரம் சாய்ந்து கடத்திய நாட்கள் அவை. பருவமடையாத பிள்ளைகள்மீது நோன்பு கடமையன்று என்பதை நாம் அனைவரும் அறிவோம். பழக்குவதற்காகச் சிறுவரை நோன்பிருக்கச் செய்வதும், பசித்து அழுதால் விளையாட்டுப் பொருள் கொடுத்துத் தேற்றுவதும் நபித்தோழியர் காலத்திலேயே இருந்த வழக்கம். பழக்குவது வேறு, பெருமைக்காக நிறுத்தி வைப்பது வேறு. இந்த வேறுபாடு அன்று எனக்குத் தெரியவில்லை.

முதல் வெள்ளிக்கிழமை மூத்தவன் தானும் நோன்பு வைப்பதாகச் சொன்னான். துணைவி, "பார்க்கலாம், முடிகிற வரைக்கும் இருக்கட்டும்" என்றாள். நானோ அதைக் கேட்ட மாத்திரத்தில் பெரிய விழாவாக்கிவிட்டேன். ஜும்ஆவுக்கு அழைத்துச் சென்று, எதிர்ப்பட்டவரிடமெல்லாம், "பையனுக்கு இன்று முதல் நோன்பு" என்றேன். அவர்கள் அவன் தலையைத் தடவிப் பாராட்டினார்கள். திரும்பும் வழியில் மல்லிகை மாலைக்குச் சொல்லிவிட்டேன். உறவினர் இருபது பேரை நோன்பு திறக்க அழைத்தேன். வீட்டில் கஞ்சிக்கு இன்னொரு படி அரிசி ஊறவைக்கப்பட்டது.

லுஹர் வரை அவன் உற்சாகமாக இருந்தான். அதற்குப் பின் பேச்சு குறைந்தது. உதடு வெளுத்தது. துணைவி இருமுறை என்னைப் பார்த்தாள். நான் ஈரத்துண்டை அவன் தலையில் போட்டு, "இன்னும் கொஞ்ச நேரம்தான், நீ பெரிய மனிதன் அல்லவா?" என்றேன். அஸர் தொழுதுவிட்டு வந்தபோது அவன் திண்ணையில் இல்லை. தேடிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். மண்பானையின் அருகில், கையில் குவளையுடன், முகவாயில் நீர் சொட்ட நின்றிருந்தான். எனக்குப் பின்னாலேயே மாமியாரும் வந்துவிட்டார்.

அந்த முதிய பெண்மணி ஒரு நொடியில் நிலைமையை உணர்ந்துகொண்டார். அவனருகில் குனிந்து, "மறந்து குடிச்சிட்டியா ராஜா? மறந்து குடிச்சா நோன்பு முறியாது. அல்லாஹ்வே உனக்குத் தண்ணி கொடுத்தான்னு அர்த்தம்" என்றார்.

மார்க்கத்தில் உள்ள சலுகையைத்தான் அவர் சொன்னார். அவன் தலையை அசைத்தால் போதும். மாலை வந்துவிடும், விருந்தினர் வந்துவிடுவார்கள், எல்லாம் முறைப்படி நடக்கும். அவன் தலையசைக்க வேண்டுமென்று நானும் உள்ளூர விரும்பினேன். இதை எழுத இன்று வெட்கமாக இருக்கிறது. ஆயினும் அதுவே உண்மை.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு பாட்டியைப் பார்த்துச் சொன்னான்:

"இல்ல நன்னி. மறக்கல. தெரிஞ்சுதான் குடிச்சேன்."

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவனே, "எல்லார்கிட்டயும் அத்தா சொல்லிட்டாங்க. அதான் யாருக்கும் தெரியாம குடிச்சேன்" என்று சொல்லி அழத் தொடங்கினான்.

தாகத்தால் அவன் செய்தது குற்றமே அன்று. ஆனால் ஒளித்துச் செய்ய வேண்டிய நிலைக்கு அவனைத் தள்ளியவன் நான். கடமையாகாத ஒரு நோன்பை முடிக்க இயலாத சிறுவன், தண்ணீர் கேட்க அஞ்சிப் பின்கட்டுக்குப் போனான் என்றால், அவன் அஞ்சியது இறைவனை அன்று; தந்தையின் வாய்ப்பேச்சை.

மாமியார் அவன் முகத்தைத் தம் முந்தானையால் துடைத்தார். என்னிடம், "தம்பி, வர்றவங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். துணைவி அந்த மல்லிகை மாலையை வாங்கி, நூலை அறுத்துத் துண்டாக்கி, வந்திருந்த பெண்களுக்கெல்லாம் தலைக்குப் பூவாகக் கொடுத்துவிட்டாள். மஃரிப் பாங்கு ஒலித்தபோது ஒதுங்கி நின்ற பிள்ளையைப் பாட்டி கையைப் பிடித்து வரிசையில் உட்கார வைத்து, முதல் பேரீச்சம்பழத்தை அவனுக்கே கொடுத்தார். "அஸர் வரைக்கும் இருந்தவனுக்கும் பசிக்கும்" என்றார். வந்தவர் எவரும் ஒன்றும் கேட்கவில்லை.

இரவு தராவீஹ் முடிந்து வந்தபோது துணைவி நாட்காட்டித் தாளில் எழுதிக் கொண்டிருந்தாள். "இன்றையதை எழுத வேண்டாமே" என்றேன். அவள் எழுதி முடித்து என்னிடம் நீட்டினாள். "அஸர் வரை நோன்பு. உண்மை சொன்னான்." அவ்வளவே இருந்தது.

அன்று படுக்கும் முன் சின்னவளை நிற்க வைத்து, கை தட்டி, "வா, வா" என்று வெகுநேரம் அழைத்துப் பார்த்தேன். குழந்தை நடக்கும் பருவம். நான் ஊரில் இருக்கும் நாளிலாவது முதலடி வைக்கட்டும் என்று ஆசை. அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். விடியற்காலை நான் பேருந்தேறிவிட்டேன்.

அடுத்த வியாழன் இரவு வந்தபோது தாள்கள் காத்திருந்தன. முதல் தாள்: "சனி. சின்னவள் நாலடி நடந்தாள். யாரும் கூப்பிடவில்லை." ஐந்தாவது தாள்: "புதன். பெரியவன் முழு நோன்பு. யாருக்கும் சொல்ல வேண்டாம் என்கிறான்."

அந்த இரண்டு தாள்களையும் விளக்கொளியில் பல முறை வாசித்தேன். என் மக்கள் இருவரும் தங்கள் வாழ்வின் இரண்டு படிகளை, நான் இல்லாத நேரத்தில், எவர் கைதட்டலும் இன்றி ஏறியிருந்தார்கள். காணக் கொடுத்து வைக்கவில்லையே என்ற வருத்தம் ஒருபுறம். நான் இருந்திருந்தால் அவை நடந்திருக்குமா என்ற ஐயம் மறுபுறம். மறுநாள் மகனிடம் நோன்பைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. ஆனால் பின்கட்டில் இருவரும் சேர்ந்து தண்ணீர் இறைத்தோம்.

காலம் ஓடிற்று. மாமியார் மறைந்தார். பணி ஓய்வு பெற்றபின் நாங்கள் நெமிலியிலேயே தங்கிவிட்டோம். மகன் சென்னையில் வேலை பெற்றுக் குடும்பமானான். 2019-இல் ரமலான் மீண்டும் கத்திரிக்குத் திரும்பி வந்தது. மே 7 முதல் நோன்பு. அவ்வாண்டு சென்னை பட்ட தண்ணீர்த் துன்பத்தை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் கொசஸ்தலையாற்றின் நீரைத் தேக்கிச் சென்னைக்குத் தருவதற்காக 1944-இல் கட்டப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் உட்பட ஏரிகள் வறண்டு வெடித்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் கொண்டு போக வேண்டியதாயிற்று. லாரித் தண்ணீருக்குக் குடத்துடன் நிற்பதற்குப் பதிலாக நெமிலிக்கே வந்துவிடுங்கள் என்றேன். நான் 33 ஆண்டுகளுக்கு முன் செய்ததையே மகனும் செய்தான். மனைவியையும் எட்டு வயது மகளையும் கொண்டுவந்து விட்டான். வார இறுதியில் மட்டும் வந்து போனான்.

ஒரு ஸஹர் நேரத்தில் பேத்தி தானும் நோன்பு வைப்பதாகச் சொன்னாள். நான் வாய் திறக்கவில்லை. மகன் அவள் தட்டில் தயிர்ச்சோற்றை வைத்துக்கொண்டே, "உன் வயசில நானும் வச்சேன். சாயங்காலம் பின்கட்டுல போய் ஒளிஞ்சு தண்ணி குடிச்சிட்டேன்" என்றான். நான் அவனை நிமிர்ந்து பார்த்தேன். அந்த நிகழ்ச்சியைப் பற்றி எங்களுக்குள் ஒரு பேச்சும் நடந்ததில்லை. அவன் மறந்திருப்பான் என்று நான் எண்ணியிருந்தேன்.

"அப்புறம்?" என்றாள் பேத்தி.

"நீ ஒளிய வேண்டாம். முடியலன்னா வந்து கேளு" என்றான்.

பிற்பகல் மூன்று மணியிருக்கும். நாங்கள் எல்லாரும் கூடத்தில் இருந்தோம். அவள் நேரே வந்து, "அத்தா, தண்ணி வேணும். என்னால முடியல" என்றாள். மகன் எழுந்து போய்ப் பானையிலிருந்து மொண்டு வந்து கொடுத்தான். அவள் எங்கள் எல்லாருக்கும் நடுவில் நின்று, அவசரமில்லாமல் குடித்து, குவளையைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் அச்சமில்லை. அது மகன் அவளுக்குக் கொடுத்த செல்வம். நான் அவனுக்குக் கொடுக்கத் தவறியது.

இதை வாசிக்கும் இளம் பெற்றோருக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. முதல் பல், முதல் அடி, முதல் எழுத்து, முதல் நோன்பு எல்லாம் நமக்கு மகிழ்ச்சி தருபவையே. அவற்றைக் குறித்து வையுங்கள், நன்றி கூறுங்கள். ஆனால் அவை பிள்ளைகளுடையவை. நம் பெருமைக்காக அவற்றுக்கு நாள் குறிக்க வேண்டாம். பிள்ளை நம்மிடம் வந்து "முடியவில்லை" என்று அஞ்சாமல் சொல்லும் வீட்டில், முடிகிற நாள் தானே வரும்.

ரமலான் மறுபடியும் இதே கோடைக்கு வரும்போது ஆண்டு 2052 ஆகியிருக்கும். இறைவன் நாடினால் பேத்திக்கு அப்போது 41 வயது. அவளுடைய பிள்ளை ஒன்று தாகத்துடன் அவள்முன் நிற்கக்கூடும். நாங்கள் இருக்க மாட்டோம். தாள்கள் இருக்கும். அன்றிரவு என் துணைவி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நடுங்கும் கையால் எழுதிய தாளும் அவற்றோடு இருக்கிறது: "மூன்று மணி வரை நோன்பு. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்."