ஆறு நிமிடமும் 30 மீட்டரும்

அந்த அரசு மருத்துவமனையின் நெஞ்சகப் பிரிவில் நடைபாதை காலியாக மதியம் இரண்டு மணி ஆகிவிடும். பார்வையாளர்கள் கிளம்பி, பாயும் டிபன் கேரியரும் ஓரம் கட்டப்பட்ட பிறகு, பிசியோதெரபி இறுதியாண்டு மாணவிகள் இருவர் நாடாவை விரித்து 30 மீட்டர் அளந்தார்கள். இரு முனையிலும் ஆரஞ்சு நிறக் கூம்பு வைத்தார்கள். “நெஞ்சு பிசியோன்னா முதுகுல தட்டுறதுன்னு நினைக்கிறாங்க, ஒருதடவை வந்து பாருங்க” என்று இந்தத் துறையில் ஆசிரியையாக இருக்கும் என் தோழி அழைத்ததால்தான் நான் அங்கே போயிருந்தேன்.

நடக்க வந்தவர் அறுபது வயதைத் தாண்டிய பெண்மணி. பீடி, சிகரெட் வாடையே ஆகாதவர். புகை வெளியேற வழியில்லாத அடுக்களையில் ஆண்டுக்கணக்காக விறகடுப்பு ஊதியே நுரையீரல் கெட்டுப்போனது. கேஸ் ஷீட்டில் சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்று எழுதியிருந்தது. ஒரு மாணவி அவர் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கத் தொடங்கினார். ஆசிரியை உடனே நிறுத்தினார்.

“கூட நடக்காத. நீ நடந்தா உன் வேகத்துக்கு அவங்க இழுபட்டு வருவாங்க. நமக்கு அவங்க வேகம்தான் வேணும். விழுந்துடுவாங்கன்னு பயமா இருந்தா பின்னால வா.”

ஆறு நிமிட நடைச் சோதனைக்கு அமெரிக்கத் தொராசிக் சொசைட்டி 2002இல் நெறிமுறை வகுத்தது. நோயாளி நிற்கலாம், சுவரில் சாயலாம். கடிகாரம் மட்டும் நிற்காது. ஒவ்வொரு நிமிடமும் என்ன சொல்லி உற்சாகப்படுத்த வேண்டும் என்பதுகூட வகுக்கப்பட்டிருக்கிறது. “வேகமா, வேகமா” என்று துரத்தக் கூடாது. பாட்டி நான்காவது நிமிடத்தில் சுவரைப் பிடித்து நின்றார். ஆக்சிஜன் அளவு இறங்கியது. மாணவி எண்களைக் குறித்தார், அவசரப்படுத்தவில்லை. முடிந்ததும் “மூச்சு எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டார்.

“பரவாயில்ல தாயி.”

இந்தப் பதிலை வாங்கிக்கொண்டு போகக் கூடாது என்பது ஆசிரியையின் கறாரான விதி. நம் ஊர் நோயாளிகள் டாக்டர் மனம் நோகாமல் பேசுவார்கள். மூச்சு முட்டினாலும் பரவாயில்லை என்பார்கள். எனவே 0 முதல் 10 வரை எழுதிய போர்க் அளவுகோல் அட்டையை நீட்டினார்கள். பாட்டியின் விரல் 5இல் போய் நின்றது. அதற்குக் ‘கடும் மூச்சுத்திணறல்’ என்று பொருள். நடந்த தூரம் 195 மீட்டர். தொடர்ந்து பயிற்சி செய்து இதோடு 30 மீட்டர் கூடினாலே அந்த மாற்றம் நோயாளிக்குப் பொருட்படுத்தத்தக்கது என்கின்றன இத்துறையின் நெறிமுறைகள்.

நோயாளியை இப்படி எழுப்பி நடக்க வைப்பது எப்போதும் இருந்ததல்ல. மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் அசையாமல் படுக்க வைப்பதுதான் ஒருகாலத்தில் வைத்தியம். பாஸ்டனில் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லௌனும் அத்தகைய நோயாளிகளை நாற்காலியில் உட்கார வைத்து, அதன் பலனை 1952இல் வெளியிட்டார்கள். அன்று அது பெரிய துணிச்சல். இன்று பைபாஸ் முடிந்த மறுநாளே எழுப்பி உட்கார வைக்கிறார்கள்.

இதய அறுவைப் பிரிவில் பைபாஸ் முடிந்து மூன்றாம் நாளில் இருந்தார் ஒரு கொத்தனார். நெஞ்செலும்பை நடுவில் அறுத்து, ஸ்டீல் கம்பியால் கட்டி மூடியிருந்தார்கள். இருமினால் தையல் பிரிந்துவிடும் என்று பயந்து சளியை அடக்கிக்கொண்டிருந்தார். அடக்கினால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், சளி கட்டும், நிமோனியாவில் கொண்டுபோய் விடும். அவரைத் தொடவே தயங்கினார் ஒரு மாணவர். மாணவரின் கைமேல் தன் கையை வைத்து, நோயாளியின் கீழ் விலாவில் அழுத்தினார் ஆசிரியை.

“ஐயா, மெதுவா மூச்சை இழுங்க. தம்பி, வலது பக்கம் நகருதா? இடது? நகரல, பாத்தியா.”

பைபாஸுக்குப் பிறகு இடது நுரையீரலின் கீழ்மடல் சுருங்கிப்போவது அடிக்கடி நடப்பது. எக்ஸ்ரே வருவதற்கு முன்பே கை அதைச் சொல்லிவிட்டது. நெஞ்சில் ஒரு தலையணையை அணைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அமைதியாகச் சில மூச்சு, ஆழமாக மூன்று நான்கு, பிறகு மூக்குக்கண்ணாடி துடைக்க ஆவி விடுவதுபோல வாய் திறந்து ஒரு ‘ஹா’. சளி நகர்ந்தபோது உள்ளங்கையில் கரகரவென்று தெரிந்ததாம். மாணவரின் முகம் மலர்ந்துவிட்டது. புத்தகத்தில் பத்து முறை படித்தாலும் அந்தக் கரகரப்பு கைக்கு வராது.

பக்கத்துக் கட்டிலின் மேசையில் மூன்று பந்து ஸ்பைரோமீட்டர் இருந்தது. மருந்துக்கடையில் வாங்கிக் கொடுத்துவிட்டு யாரும் சொல்லித்தராமல் போனதால், அந்த நோயாளி அதில் மும்முரமாக ஊதிக்கொண்டிருந்தார். உறிஞ்சினால்தான் பந்து எழும். வெடுக்கென்று உறிஞ்சி மூன்றையும் எழுப்புவதிலும் பயனில்லை. நிதானமாக இழுத்து, முதல் பந்தைச் சில நொடி மேலேயே நிறுத்த வேண்டும். பைபாஸ் நோயாளிகளுக்கு நுரையீரல் சிக்கல் வராமல் தடுப்பதில் இந்தக் கருவி மற்ற சுவாசப் பயிற்சிகளைவிட மேலானது என்பதற்கு காக்ரேன் ஆய்வுத் தொகுப்பில் சான்று கிடைக்கவில்லை. ஆனால் அதற்கு விலை இருக்கிறது, பில் இருக்கிறது. கட்டிலருகே உட்கார்ந்து சொல்லித்தரும் நேரத்துக்கு ரசீதில் இடமில்லை.

ஆசிரியை அதிகம் நம்புவது ஒரு பாட்டிலை. 10 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர், அதில் அடிவரை இறங்கும் ஒரு குழாய், காற்று வெளியேற வாய் திறந்தபடி. குழாயில் ஊதினால் குமிழி கிளம்பும். அந்தத் தண்ணீரின் எதிரழுத்தம் மூச்சுக்குழல்களை மூடவிடாமல் பிடித்துக்கொள்ள, காற்று சளிக்குப் பின்னால் போய் அதைத் தள்ளும். ஒரு மாணவி டிரிப்ஸ் ஏற்றும் மெல்லிய குழாயைச் செருகி வந்திருந்தார். ஆசிரியை அதை வெட்டிக் குப்பையில் போட்டார். குழாய் ஒடுங்கினால் அழுத்தம் எகிறும், களைத்த நோயாளி இன்னும் களைப்பார். தண்ணீரைத் தினமும் மாற்றச் சொல்லிப் பாட்டிலின் மேலேயே தேதியும் எழுத வைத்தார்.

இப்படி ஒவ்வொரு கையாகப் பிடித்துக் கற்பிக்கும் வேலையைத்தான் பல கல்லூரிகள் விற்றுத் தின்கின்றன. சொந்த மருத்துவமனை கிடையாது. கட்டணம் மட்டும் லட்சங்களில். பஸ்ஸில் ஏற்றி வேறு மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். ஒரு கட்டிலைச் சுற்றி இருபது பேர் நிற்கிறார்கள், நோயாளியின் நெஞ்சைத் தொடுவது முன்வரிசை இருவர். மீதிப் பேர் கேஸ் ஷீட்டைப் பார்த்து எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். படிப்பை முடித்து உள்ளிருப்புப் பயிற்சிக்கு வந்தால் அங்கேயும் சுரண்டல். தனியார் மருத்துவமனையில் பயிற்சி முடித்த ஓர் இளைஞர் சொன்னார்: அவர் செய்த ஒவ்வொரு நெஞ்சுப் பயிற்சியும் நோயாளியின் பில்லில் ஏறியது, அவருக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. இன்று அவர் ஒப்பந்த ஏஜென்சி மூலம் வேலை பார்க்கிறார்; ஏஜென்சி தன் பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறது. மூச்சுத் திணறும் மனிதரைத் தூக்கி நிறுத்துகிறவரின் கூலியில் கை வைக்க இவர்களுக்கு எப்படி மனம் வருகிறது?

2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்கென்று ஒரு தேசிய ஆணையம் இருக்கிறது. கல்வித் தரத்தை வகுக்கும் பொறுப்பு அதனுடையது. ஒரு கட்டிலுக்கு ஐந்து மாணவருக்கு மேல் கூடாது, பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை கட்டாயம் என்று அது விதிக்கட்டும். இந்த இரண்டையும் ஆய்வுக்குப் போகும்போது வார்டிலேயே நின்று பார்க்கட்டும். தேறாத கல்லூரிக்கு அடுத்த ஆண்டு சேர்க்கையை நிறுத்தட்டும்.