பன்னிரண்டு துணிகளும் ஒரு பயணப் பெட்டியும்

பங்குனி மாதம் வந்தால் பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தில் ரொபரோசியா மரங்கள் பூக்கத் தொடங்கிவிடும். இலைகளை உதிர்த்துவிட்டு இளஞ்சிவப்புப் பூக்களை மட்டும் சுமந்துகொண்டு நிற்கும் மரங்கள் அவை. 2024 ஆம் ஆண்டும் அப்படித்தான் பூத்தன. ஆனால் அந்த வருடம் அண்ணாந்து பார்க்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. சித்திரைப் புத்தாண்டு கழிந்த வாரத்தில் இலண்டனுக்குப் புறப்பட வேண்டும். கையில் மூன்று தையல் வேலைகள் முடியாமல் கிடந்தன.

முதலாவது, கிளிநொச்சிப் பக்கத்துப் பெண்கள் குழு ஒன்று தைத்துத் தந்த பன்னிரண்டு சதுரத் துணிகள். ஒவ்வொருவரும் தாம் 2009 க்கு முன்னர் வாழ்ந்த வீட்டை நினைவில் வைத்துப் பூவேலை செய்திருந்தார்கள். அவற்றை ஒன்றாக இணைத்து, பின்பக்கத்துக்குத் துணி கொடுத்து, சுவரில் தொங்கவிடக்கூடிய ஒரு சீலையாக்கி இலண்டனில் நடக்கும் பெண்களின் கண்காட்சிக்குக் கொண்டுபோவது என் பொறுப்பு. இரண்டாவது, அங்கே இருக்கும் என் தங்கைக்கு வைகாசியில் பிறக்கவிருந்த குழந்தைக்குக் குறோசே போர்வை. மூன்றாவதைச் சொன்னால் சிரிப்பீர்கள். தோழி ஒருத்தி இரவல் தந்த குளிர்ச்சட்டையின் கைகள் என் விரல் நுனி வரை வந்தன. அதை வெட்டிச் சிறிதாக்க வேண்டியிருந்தது. சித்திரை மாதம் அங்கே வசந்த காலம் என்கிறார்கள். ஆனால் அந்த வசந்தத்தின் காலை நேரத்துக் குளிர் நுவரெலியாவைப் போன்றது என்று தங்கை எச்சரித்திருந்தாள்.

நான் பேராதனைக்கு வந்தது 2011 இல். செட்டிக்குளம் முகாமில் இருந்தபடியே 2009 ஆகஸ்டில் உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகளில் நானும் ஒருத்தி. பூத்தையலையும் அந்த முகாமில்தான், பக்கத்துக் கூடாரத்து மாமியிடம் கற்றேன். பேராதனைக்கு அனுமதி கிடைத்தது என்றதும் அம்மா சந்தோஷப்படவில்லை. 1983 மே மாதத்தில் இங்கே தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டு ஊருக்கு ஓடிவந்த கதை அவருக்கு நேற்று நடந்ததுபோல இருந்தது. "வேறை இடம் கிடையாதோ?" என்று மட்டும் கேட்டார். முதல் தடவை என்னுடன் வந்தபோது குறிஞ்சிக்குமரன் கோயிலுக்குப் படியேறி, மேலே நின்று ஹந்தானை மலையையும் கீழே விரிந்த வளாகத்தையும் நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். நான் படித்து முடித்த பின்னும் இங்கேயே தங்கிவிட்டேன். யாழ்ப்பாணம் வரை போகும் ஏ9 வீதி கண்டியில்தான் தொடங்குகிறது. மாதம் ஒரு தடவை அந்த வீதியால் பஸ் ஏறி வன்னிக்குப் போய் வருவது என் தொழில்.

அறையில் மேசை சிறியது. பன்னிரண்டு துணிகளையும் விரித்துப் பார்க்க இடம் போதாது. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு தாவரவியல் பூங்காவுக்குப் போனேன். 1821 இல் அலெக்சாண்டர் மூன் என்ற ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கப்பட்ட பூங்கா அது. மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைந்து ஓட, நடுவில் ஏறத்தாழ 147 ஏக்கர் பரப்பில் கிடக்கிறது. பெரிய புல்வெளியில் கிளைகளைக் குடைபோலப் பரப்பி நிற்கும் ஜாவா அத்தி மரத்தின் அருகே பாயை விரித்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் காதலர்களும் நிறைந்த இந்தப் பூங்காவில்தான் 1944 இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்கு ஆசியப் போரை நடத்திய தலைமையகம் இருந்தது. இத்தனை பூக்களுக்கு நடுவிலிருந்தும் யுத்தத்துக்குக் கட்டளை போயிருக்கிறது என்பதை முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு நம்ப முடியவில்லை.

புல்லின்மேல் துணிகளை வரிசைப்படுத்தினேன். ஒன்றில் கிணறும் துலாவும். ஒன்றில் வைக்கோற்போர், அதன் கீழே ஆடு. ஒரு பிள்ளை தன் வீட்டைத் தைக்காமல் சைக்கிளை மட்டும் தைத்திருந்தாள். எல்லோருக்கும் ஒரே அளவுத் துணிதான் கொடுத்தோம். இருந்தும் ஒருவர் தையலை இறுக்கி இழுத்திருக்க, இன்னொருவர் தளர்த்தி விட்டிருக்க, ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. சிறிய துணிகளுக்குச் சுற்றிவரக் கரை வைத்துத்தான் சமப்படுத்த வேண்டியிருந்தது. இன்னொரு சங்கடம் சிவப்பு நூல். நனைத்த பஞ்சால் ஒற்றிப் பார்த்தபோது இரண்டு துணிகளில் சாயம் இறங்கியது. தைக்கத் தொடங்கும் முன்பே நூலில் ஒரு துண்டை வெட்டி நனைத்து, வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்க்க வேண்டும் என்று நானே வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நூலை வாங்கிக் கொடுத்தவளும் நான்தான். அந்த இரண்டையும் கழுவாமலே விட்டேன்.

பின்பக்கத்துக்கான துணி வாங்கக் கண்டி நகரத்துக்குப் போன அன்று, தலதா மாளிகைக்கு அருகே இருக்கும் நூதனசாலைக்கும் ஏறிப் போனேன். கண்டி இராச்சியத்தில் வெற்றிலைப் பைகளுக்குப் பூவேலை செய்யும் வழக்கம் இருந்தது. சிவப்பும் நீலமுமான நூலால் சங்கிலித் தையல் போட்டு மலர்களும் கொடிகளும் தைத்தார்கள். இந்தக் கலையெல்லாம் அழிந்து போகிறதே என்று கவலைப்பட்டு எழுதியவர், தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. 1908 இல் வெளிவந்த அவருடைய மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலை எல்லோரும் புகழ்வார்கள். அதற்கான படங்களைப் பிடித்த அவருடைய மனைவி எதெலைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. 1903 இல் கணவருடன் இலங்கைக்கு வந்து, 1907 இல் திரும்பிச் சென்ற எதெல் பின்னாளில் எதெல் மெய்ரே என்ற பெயரில் இங்கிலாந்தின் மிகச் சிறந்த கைத்தறி நெசவாளராக அறியப்பட்டார். தொழிற்கலை வடிவமைப்பாளருக்கான அரச கௌரவம் 1937 இல் முதன்முதலாக ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது என்றால் அது அவருக்குத்தான். இங்கிருந்து கப்பல் ஏறியபோது அவருடைய பெட்டியிலும் துணிகள் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சமூகவியல் படித்தபோது அறிந்த இன்னொரு விடயமும் அந்த நாட்களில் அடிக்கடி நினைவுக்கு வந்தது. தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் 1973 இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பின்னர் ஏராளமானோர் காணாமற்போனார்கள். அவர்களுடைய தாய்மாரும் மனைவிமாரும் கந்தல் துணிகளை வெட்டிச் சாக்குத் துணியில் ஒட்டுத் தையல் போட்டுத் தங்கள் கதையைச் சொன்னார்கள். அர்பியேரா என்று அதற்குப் பெயர். அந்தச் சொல்லுக்கு அர்த்தமே சாக்குத் துணிதான். கத்தோலிக்கத் திருச்சபையின் உதவியுடன் அவை வெளிநாடுகளுக்குப் போயின. விற்ற காசு வீட்டுக்கு அரிசியும் மாவுமானது. எங்கள் குழுவில் இதை நான் சொன்னபோது, ஒருவர் உடனே கேட்டார்: "அந்தச் சனத்துக்குப் பிறகு ஆக்கள் கிடைச்சவையோ?" பலருக்குக் கிடைக்கவில்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று.

அப்படிக் கேட்டவருடைய துணியில்தான் நான் பிழை விட்டேன். அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவரை 2009 மே மாதத்துக்குப் பின் காணவில்லை. 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய போராட்டத்தில் படத்துடன் உட்கார்ந்தவர்களில் அவரும் ஒருவர். அவருடைய துணியில் ஓட்டு வீடு, முருங்கை மரம், வேலி எல்லாம் நெருக்கமான தையலில் இருந்தன. ஆனால் வேலியின் நடுவே படலை இருக்க வேண்டிய இடம் பென்சில் கோட்டுடன் வெறுமையாக இருந்தது. நேரம் போதாமல் விட்டுவிட்டார் என்றே நினைத்தேன். பயணத்துக்குப் பத்து நாள் இருந்தது. அன்றிரவே மண்ணிற நூல் எடுத்து, அவருடைய தையலைப்போலவே போட முயன்று, படலையில் பாதியைத் தைத்து முடித்தேன். நன்றாக வந்திருக்கிறது என்ற பெருமையுடன் மறுநாள் தொலைபேசியில் அதைச் சொன்னேன்.

சற்று நேரம் சத்தமில்லை.

"பிள்ளை, அதைக் கழட்டிவிடுங்கோ. நேரமில்லாமல் விடேல்லை. படலையை அவர்தான் கட்டினவர். அவர் வரட்டும், அதுக்குப் பிறகு தைக்கலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. எட்டு வருடமாக இந்தப் பெண்களுடன் பழகுகிறேன், கேட்காமல் ஊசி எடுத்திருக்கிறேன். தைத்ததைக் கழற்றுவது தைப்பதைவிட மெதுவான வேலை. ஒவ்வொரு இழையாக ஊசி நுனியால் தூக்கி, பின்பக்கமாக வெட்டி, துணி கிழியாமல் இழுத்தெடுக்க இரண்டு மணித்தியாலம் பிடித்தது. ஊசி பட்ட துளைகள் தெரிந்தன. ஈரத் துணியால் ஒற்றி நகத்தால் நீவிவிட்டதும் பெரும்பாலும் மறைந்தன. முற்றாக மறையவில்லை. அதையும் அவரிடம் சொன்னேன். "பரவாயில்லை, தையல் பழகினவைக்குத்தான் தெரியும்" என்றார்.

இதனால் மற்ற வேலைகள் பிந்தின. வாடகை அறையின் சொந்தக்காரி ஆன்ட்டி சிங்களப் பெண்மணி. நான் இரவு இரண்டு மணிக்கும் விளக்கை அணைக்காததைக் கண்டு, ஒன்றும் கேட்காமல் குறோசே நூல்பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆறு நாளில் போர்வையின் முக்கால் பங்கு முடிந்து வந்தது. அவருடைய பின்னல் என்னுடையதைவிட ஒழுங்கு. எங்கே என் கை நின்று அவர் கை தொடங்குகிறது என்பது பார்த்தவுடன் தெரிகிறது. குளிர்ச்சட்டைக்கு நேரம் கிடைக்கவேயில்லை. கைகளை உள்ளே மடித்துச் சட்டை ஊசி குத்திக்கொண்டேன்.

பெட்டி அடுக்கும்போது கத்தரிக்கோலையும் சட்டை ஊசிகளின் பெட்டியையும் பெரிய பெட்டிக்குள் வைத்தேன். கைப்பையில் கத்தரி கொண்டுபோனால் விமான நிலையத்தில் எடுத்துவிடக்கூடும். சீலையை மட்டும் பெரிய பெட்டியில் வைக்க மனம் வரவில்லை. பெட்டிகள் வழிதவறிப் போவது உண்டு, உடுப்புப் போனால் வேறு வாங்கலாம். ஆகவே அதை மடிக்காமல் சுருட்டி, பழைய நூல் சேலை ஒன்றால் சுற்றிக் கைப்பையில் வைத்தேன். மடித்தால் கோடு விழும், சாயம் இறங்கிய துணிகள் மற்றவற்றோடு ஒட்டும்.

அதிகாலை மூன்று மணிக்கு வான் வந்தது. ஆன்ட்டி கேற்றைத் திறந்துவிட்டு, கட்டிக்கொடுத்த சோற்றுப் பார்சலோடு ஒரு சிறு பையையும் நீட்டினார். போர்வையில் மிச்சமிருந்த கடைசி நான்கு வரிகளுக்கான நூலும் குறோசே ஊசியும் அதற்குள் இருந்தன. விமானத்தில் பத்து மணித்தியாலத்துக்கு மேல் சும்மாதானே இருக்கப் போகிறாய், முடித்துவிடு என்றார்.