சாளுவன்குப்பத்து மணலும் பாறையும்

ஆவடிவாசிகளுக்குச் சமுத்திரம் சற்றுத் தூரத்து உறவுதான். ஏரிகளுக்கு இங்கே குறைவில்லை. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் மாலை வேளைகளில் காற்று வாங்குகிறவர்களைப் பார்த்தால் ஒரு சிறு திருவிழா என்றே சொல்லலாம். சரித்திரத்துக்கும் குறைவில்லை. 1955-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் காங்கிரஸ் மகாசபை இங்கேதான் கூடி, சோஷலிச மாதிரிச் சமுதாயம் அமைப்பது என்று தீர்மானம் செய்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கெல்லாம் டாங்கிகள் செய்யும் தொழிற்சாலையும் வந்து சேர்ந்தது. ஏரி உண்டு, இரும்பு உண்டு. அலை மட்டும் இல்லை.

ஆகவே, வீட்டுக் குழந்தைகள் கடல் கடல் என்று பிடிவாதம் பிடித்தால், மெரீனாவுக்கு அழைத்துப் போய் நிலக்கடலை வாங்கிக் கொடுத்துத் திரும்புவதே நமது வழக்கம். மெரீனாவின் பெருமையைக் குறைத்துப் பேச நமக்கு எண்ணம் இல்லை. ஆனால் அங்கே மணல் உண்டே தவிரப் பாறை கிடையாது. மேலும் அந்த விசாலமான மணற்பரப்பு அவ்வளவு பழமையானதும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் கட்டினார்கள். தெற்கேயிருந்து கரையோரமாக வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அந்தச் சுவரில் தடைப்பட்டு, தெற்குப் பக்கத்தில் ஒதுங்கிற்று. மெரீனா அகன்றது, சுவருக்கு வடக்கே இராயபுரத்துக் கரை அரிக்கப்பட்டது. இந்த மணற்கணக்கை நேயர்கள் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் தேவைப்படும்.

ஐரோப்பா சென்று திரும்பிய நண்பர் ஒருவர், பிரான்ஸும் ஸ்பெயினும் சந்திக்கும் மூலையிலுள்ள பாஸ்க் கடற்கரையைப் பற்றி ஒரு மாலை முழுதும் நம்மிடம் வர்ணித்தார். பியாரிட்ஸ் என்னும் ஊரில் மணலுக்கும் அலைக்கும் நடுவே பாறைகள் தலைநீட்டிக்கொண்டிருக்குமாம். அவற்றில் ஒன்றின்மேல் 1865-இல் கன்னி மரியின் சிலையை நாட்டி, அதற்குப் போகப் பாலமும் அமைத்திருக்கிறார்களாம். கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. ஆனால், அலை மோதும் பாறையில் தெய்வத்தை வைத்து வணங்கும் யோசனை நம் தேசத்துக்குப் புதிது அன்று. அதற்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னதாகவே பல்லவர்கள் அதைச் செய்தார்கள். அவர்கள் பாறையின்மேல் சிலை வைக்கவில்லை, பாறையையே சிலையாக்கினார்கள். கப்பல் ஏறாமல், ஒரு பொழுதில் போய்ப் பார்த்துவிடலாம். நாமும் புறப்பட்டோம்.

வழியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலையைப் பிடித்து, வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளத்தை அடைந்தோம். அங்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பியதும் சவுக்குத் தோப்புகளின் இரைச்சல் காதில் விழுந்தது. மாமல்லபுரத்தை அடைவதற்குச் சற்று முன்னதாகவே இடப்புறம் இறங்கினால் சாளுவன்குப்பம். பொட்டலத்து இட்லியைத் தோப்பு நிழலில் முடித்துக்கொண்டு மணலில் கால் வைத்தோம்.

முதலில் தென்படுவது புலிக்குகை. அதில் புலியும் இல்லை, குகையும் இல்லை. ஒரு பெரிய பாறையின் முகத்தில் சிறு மண்டபம் ஒன்றைக் குடைந்து, அதைச் சுற்றி மாலை கோத்தாற்போலப் பதினொரு யாளித் தலைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் விழி பிதுங்க, பல் தெரிய, நம்மையே உற்றுப் பார்க்கிறது. பக்கத்தில் இரண்டு யானைத் தலைகள். அவற்றின்மேல் அம்பாரி வைத்தாற்போல் இரண்டு மாடங்கள். திருவிழாக் காலத்தில் உற்சவ மூர்த்தியை எழுந்தருளச் செய்ய அமைத்த மேடை என்று சிலர் கூறுகிறார்கள். அரசன் கொலுவிருக்க அமைத்தது என்று வேறு சிலர் வாதிக்கிறார்கள். நமது குழந்தைகள் இந்த இரு கட்சியிலும் சேரவில்லை. அது யாளிகளின் பள்ளிக்கூடம் என்பது அவர்களுடைய தீர்மானம்.

சற்று வடக்கே அதிரணசண்ட மண்டபம். அதிரணசண்டன் என்பது இராஜசிம்ம பல்லவனின் விருதுப் பெயர் என்று அறிஞர் பலர் கொள்கின்றனர். இந்த மண்டபம் வெகு காலம் மணலில் புதைந்து கிடந்தது. அதன் ஒரு பக்கச் சுவரில் பல்லவ கிரந்த எழுத்திலும், எதிர்ப் பக்கச் சுவரில் நாகரி எழுத்திலும் ஒரே வடமொழிச் சாசனத்தை வெட்டியிருக்கிறார்கள். வடக்கேயிருந்து வருகிறவனும் தெற்கேயிருந்து வருகிறவனும் தத்தம் எழுத்திலே படித்துக்கொள்ளட்டும் என்று அந்த அரசன் நினைத்தான் போலும்! பாஷைச் சண்டையில் பொழுது போக்குகிறவர்கள் ஒருமுறை அங்கே போய் நின்று வரலாம். அந்த எழுத்துக்களின் கூர்மை நமக்கு வியப்பை அளித்தது. காரணத்தைச் சிந்தித்தபோது, மூடிக் கிடந்த மணலே அவற்றைக் காப்பாற்றியது என்று தோன்றிற்று.

இந்த எண்ணம் அடுத்த இடத்தில் இன்னும் உறுதிப்பட்டது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, ஆழிப்பேரலை இந்தக் கரையைத் தாக்கியது. கடல் முதலில் உள்வாங்கியது. அதுவரை யாரும் காணாத பாறைகள் வரிசையாகத் தெரிந்தன என்று கண்டவர்கள் சொன்னார்கள். பிறகு அலை வந்தது. தமிழ்நாட்டுக் கரையெங்கும் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோன அந்த அலை, சாளுவன்குப்பத்தில் ஒரு பாறையின்மேல் இருந்த மணலை வழித்தெடுத்துவிட்டு, அதிலிருந்த கல்வெட்டை வெளியே காட்டிற்று. சுப்பிரமணியர் கோயில் ஒன்றைப் பற்றிய செய்தி அந்தக் கல்வெட்டில் இருந்தது. அப்படி ஒரு கோயில் அங்கே கண்ணுக்குத் தெரியவில்லை. மத்தியத் தொல்லியல் துறையினர் 2005-இல் அருகிலிருந்த மணல்மேட்டைத் தோண்டினார்கள். உள்ளே கோயில் இருந்தது!

மேலே பல்லவர் காலத்துக் கருங்கல் வேலை. அதன் அடியில் அதனினும் பழைய செங்கற் கட்டடம். கருவறைக்குள் மணல் நிரம்பியிருந்தது. கோயிலின் முன்னே கல்லால் ஆன வேல் ஒன்று கிடைத்தது. குரவைக் கூத்து ஆடும் மகளிரைக் காட்டும் சுடுமண் பலகை ஒன்றும் கிடைத்தது. செங்கற் பகுதி சங்க காலத்தது என்பது தோண்டியவர்களின் அபிப்பிராயம். கோயில் வடக்கு நோக்கி நிற்பதும் வழக்கத்துக்கு மாறானது. முன்பும் இத்தகைய பேரலைகள் இந்தக் கோயிலைத் தாக்கியிருக்க வேண்டும் என்று மண் அடுக்குகளைப் பார்த்துச் சொல்கிறார்கள். ஆக, ஒரு காலத்தில் அலை கொண்டுவந்து மூடியதை வேறொரு காலத்தில் அலையே வந்து திறந்திருக்கிறது.

அங்கே கிடைத்த தூண்களில் ஒன்று, ஒன்பதாம் நூற்றாண்டில் ஒரு பெண்மணி விளக்கெரிப்பதற்குப் பதினாறு கழஞ்சு பொன் கொடுத்ததைச் சொல்கிறது. நம்முடன் வந்த ஸ்திரீகள் அந்தச் செய்தியைக் கேட்டு வெகு நேரம் அங்கேயே நின்றார்கள். அரசர்களின் விருதுப் பெயர்களை எல்லாம் வண்டியில் ஏறுவதற்குள் மறந்துபோனார்கள்; பதினாறு கழஞ்சை மட்டும் வீடு வரையில் மறக்கவில்லை.

ஆனால் ஒரு கவலை. மணலுக்குள் இருந்தவரை அந்தச் செங்கல்லுக்கு ஆபத்து இல்லை. இப்போதோ வெயிலும் மழையும் உப்புக் காற்றும் நேரே வந்து தொடுகின்றன. செங்கல் கருங்கல் அல்லவே! கருங்கல்லே இந்தக் காற்றுக்கு என்ன பாடு படுகிறது என்பதைப் பார்க்க மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலுக்குப் போனோம்.

இராஜசிம்ம பல்லவன், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கல்லின்மேல் கல் அடுக்கி எழுப்பிய கோயில் அது. இரண்டு விமானங்கள், அவற்றில் சிவபெருமான். இடையிலே, அடிப் பாறையிலேயே செதுக்கிய பள்ளிகொண்ட பெருமாள். பெரிய விமானம் ஏறக்குறைய அறுபது அடி உயரம். எட்ட நின்று பார்க்கும்போது இதைவிட அழகான கட்டடம் உலகில் உண்டா என்று தோன்றுகிறது. கிட்டப் போனால் நெஞ்சு கனக்கிறது. திருமுகங்களில் மூக்கு இல்லை, விழி இல்லை. மதில்மேல் படுத்திருக்கும் நந்திகளின் வரிசை, வாயில் இட்டுச் சுவைத்த கற்கண்டைப் போலக் கரைந்து வழவழவென்று ஆகிவிட்டது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகக் காற்று மணலை வாரி அவற்றின்மேல் வீசிக்கொண்டிருக்கிறது. மூடிய மணல் காக்கிறது. பறக்கும் மணல் அரிக்கிறது. இதே கோயிலின் வடபுறத்தில், 1990-ஆம் ஆண்டில், மணலை அகற்றியபோது வராக மூர்த்தியும், சிறு கோயிலும், கிணறும் வெளிப்பட்டன.

நந்திகளுக்குக் கண் எங்கே என்று நமது கடைக்குட்டி கேட்டாள். காற்று தின்றுவிட்டது என்றோம். அவள் நம்பவில்லை.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. கோயிலைச் சுற்றிக் கடலோரத்தில் பெரும் பாறைகளைக் கொட்டி அணை போட்டிருக்கிறார்கள். காற்றைத் தடுக்கச் சவுக்கு நட்டிருக்கிறார்கள். ஈரக் காகிதக் கூழைக் கல்லின்மேல் அப்பி, அது உலரும்போது கல்லிலுள்ள உப்பை உறிஞ்சி எடுக்கும் வைத்தியமும் நடந்து வருகிறது. காய்ச்சல்காரனின் நெற்றியில் பற்றுப் போடுவதுபோல! பாறை அணை இல்லாவிட்டால் கோயில் இன்று இருக்குமா என்பது சந்தேகமே. ஆனால் மெரீனாவின் மணற்கணக்கு இங்கேயும் பொருந்தும். தென்மேற்குப் பருவக்காற்றில் மணல் வடக்கே போகிறது. வடகிழக்குப் பருவக்காற்றில் தெற்கே வருகிறது. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதே அதிகம். வழியில் ஒரு தடை வைத்தால் அதற்கு அப்பாலுள்ள கரைக்குப் பங்கு குறைந்துவிடும். கோயிலுக்கு வடக்கே மீனவர் குப்பத்தில் நடந்தபோது, படகுகள் வீட்டு வாசல் வரையில் நெருங்கி நிற்கக் கண்டோம். வலை உலர்த்த இடம் தேட வேண்டியிருக்கிறது. கோயிலைக் காக்கிறவர்கள் குப்பத்தையும் அதே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். அந்தக் குப்பத்தார் இல்லையென்றால் இந்தக் கரையை அறிந்து சொல்ல யார் இருக்கிறார்கள்?

இங்கே குடும்பத்துடன் வரும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கடல் பார்ப்பதற்குச் சாது. இறங்கினால் அப்படி அல்ல. பாறைகளுக்கு இடையே நீர் இழுக்கும் வேகத்தை வெளியூரார் உணர்வதற்குள் கால் பெயர்ந்துவிடும். ஒவ்வோர் ஆண்டும் இளைஞர்கள் பலியாகிறார்கள். முழங்கால் நனைந்தால் போதும். செதுக்கிய பாறைகளின்மேல் ஏறிப் படம் எடுத்துக்கொள்ளும் வழக்கத்தையும் விட்டுவிட்டால் பல்லவச் சிற்பிகள் வாழ்த்துவார்கள்.

மாலையில் கோயிலுக்கு வடபுறத்துக் கரையில், மகிஷாசுரமர்த்தினியின் பெயர் கொண்ட பாறைக்கு அருகே அமர்ந்தோம். அந்தப் பக்கத்திலும் ஆழிப்பேரலைக்குப் பின் மணல் விலகி, யானையும் குதிரையும் சிங்கமுமாகச் சிற்பங்கள் தெரிந்தன என்பதைப் படித்திருந்தோம். எங்கே எங்கே என்று குழந்தைகள் தேடிக்கொண்டிருந்தபோது, வலை முடிந்துகொண்டிருந்த கிழவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இப்பத் தேடினா எல்லாம் தெரியாது, சாமி. ஐப்பசி, கார்த்திகையிலே வாங்க. மணலைக் கடல் வாரிக்கிட்டுப் போயிருக்கும். இன்னும் நாலு பாறை தலை தூக்கும்" என்றார்.

"தை மாதத்தில் வந்தால்?" என்று கேட்டோம்.

"மறுபடி மூடிக்கும்" என்று சொல்லிவிட்டு, அவர் வலையை முடிய ஆரம்பித்தார்.