நெற்றியில் எழுதிய விலை

ராப் என்பதைப் பாட்டென ஒப்ப என் செவி நெடுநாள் மறுத்தது. இராகமின்றித் தாளத்தோடு விரைந்து பேசுவது எங்ஙனம் பாடலாகும்? சோனிதா அலிசாதேயின் வரலாறு அச்செருக்கை அடக்கிற்று.

ஆப்கானிய நாட்டு ஹெராத்தில் பிறந்த அவள், ஈரானில் அகதியாய் வாழ்ந்தாள். குளியலறை துடைத்துப் பிழைத்தவாறே எழுத்துக் கற்றாள். அந்நாட்டிலோ பெண் ஆடவர்முன் தனித்துப் பாடுதல் குற்றம்.

அவளுக்கு அகவை பதினாறு இருக்கும்போது தமையனுக்குத் திருமணம் பேசினர். பெண்வீட்டார்க்குத் தரவேண்டிய பணத்திற்காக, 9,000 டாலருக்கு இவளை மணமுடிக்கத் தாய் முனைந்தாள். வழிவழி வந்த வழக்கு அது. அத்தாயை முற்றும் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. அப்போது சோனிதாவைப் படமெடுத்துவந்த ருக்சாரே காயிம்மகாமி என்னும் அம்மையார், படமெடுப்பவர் குறுக்கிடலாகாது என்னும் நெறியைத் துறந்து, 2,000 டாலர் தந்து ஆறு திங்கள் தவணை பெற்றார்.

அத்தவணையில் பிறந்ததே, விற்பனைக்கு வந்த பெண்களைப் பற்றிய 2014-ஆம் ஆண்டுப் பாடல். மணக்கோலம்; கன்றிய முகம்; நெற்றியிலே கடைப்பண்டங்களில் அச்சிடும் பார்கோடு! உலகம் கண்டது, அமெரிக்கப் பள்ளியொன்று அவளை ஏற்றது. வீட்டாரும் திருமண எண்ணத்தைக் கைவிட்டனர்.

அண்மையில் என் பெயர்த்தி அப்பாடலைக் காட்டினாள். மொழி விளங்கவில்லை. இராகத்தை நான் தேடவுமில்லை.